பல் கட்டுதல்

உதடு மட்டும்தான் இருந்தது அதற்கு.
ஆறடி அகலம், வழவழவென்று.
மணல் அள்ளும். எரு அள்ளும்.
கடாம்புலியூர்ச் செம்மண்ணில்
சித்திரை வெயிலில் வைத்தால்
வழுக்கிக்கொண்டு போய்விடும்,
சோறு வேண்டாமென்று
முகத்தைத் திருப்பும் பிள்ளை மாதிரி.
விடாமல் அழுத்தினால்
டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும்
தரையைவிட்டு எழும்பும்.
வரப்பில் நின்று வைத்திலிங்கம் சிரிப்பார்.

அவருடைய கொல்லை.
நாற்பத்திரண்டு முந்திரிக் கட்டை,
வேரோடு எடுத்துத் தர வேண்டும்,
மணிக்கு இவ்வளவு என்று பேச்சு.
சிரிக்கிற நிமிஷமும் மணியில் சேர்த்தி என்று
நான் சொல்லவில்லை.

கம்பெனிப் பல்வரிசைக்குக்
கடலூரில் விலை கேட்டேன்.
அதே காலையில், நாலு கடை தள்ளி மாடியில்,
என் முன்பல்லுக்கும் கேட்டேன்.
இரண்டு சீட்டும் ஒரே சட்டைப்பையில் வந்தன.
அஞ்சலாட்சி இரண்டையும் விரித்துவைத்துத்
தவணைத் தேதிக்கு வட்டம் போட்ட காலண்டரைப் பார்த்தாள்.
"ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு" என்றாள்.
பிறகு இன்னொரு தரம் பார்த்து,
"ஒண்ணுக்கும் இல்ல."

நெல்லிக்குப்பம் காயலான் கடையில்
லாரி ஸ்பிரிங் பட்டை, எடைக்கு எடை.
எத்தனை கரும்பு லோடுக்கு
முதுகு வளைத்ததோ.
போன வருஷக் காலண்டர் அட்டையில்
அஞ்சலாட்சி ஒரு பல் வரைந்தாள்,
கத்தரித்தாள்,
பக்கெட் உதட்டில் அடுக்கி அடுக்கிப் பார்த்தாள்.
"ஏழு வெச்சா சந்து சரியா வருது."
நான் எட்டு என்றேன்.
பட்டையில் ஏழுக்குத்தான் நீளம் இருந்தது.

ஷெரீப் பட்டறையில் கேஸ் வைத்து அறுத்து
கனத்த இரும்புப் பட்டியில் வரிசையாக ஒட்டி,
இரண்டு ஓரமும் துளைபோட்டு
போல்ட்டில் முடுக்கினோம்.
எரு அள்ளும் நாளில் கழற்றிக்கொள்ளலாம்.
பொய்ப்பல்தானே.

முதல் கட்டை அசைந்தது.
இரண்டாவது கட்டையில்
டிங்.
கோயில் மணி மாதிரி நல்ல சத்தம்.
வண்டியை நிறுத்திப் போய்ப் பார்த்தால்
நாலாவது பல் இல்லை.
ஒட்டு உடையவில்லை; ஒட்டுக்குப் பக்கத்தில்
இரும்பு கண்ணாடியாய் நொறுங்கியிருந்தது.
உள்ளே சாம்பல் நிறத்தில் சர்க்கரை மணி.
இன்னும் இரண்டில் மயிரிழை விரிசல்.
ஷெரீப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
வேறெங்கோ பார்த்தார்.
"சூடு காட்டாம ஒட்டிட்டேன்.
கரண்டு போயிடும்னு அவசரம்."

முந்திரித் தோட்டை மூட்டையாகக் கொட்டிக்
கொளுத்தினோம்.
எண்ணெய் கக்கி எரிந்தது,
ஊரே இருமிற்று.
எச்சில் பட்டால் துள்ளி ஓடும் சூட்டில் எடுத்துக்
கரியைத் தேய்த்துத் தள்ளி,
பழைய ஒட்டைத் தோண்டி, புதிதாக ஒட்டி,
அந்தச் சாம்பலிலேயே புதைத்துவைத்தார்.
"அவசரப்படாம ஆறட்டும்."
ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்த்
தொட்டுப் பார்த்தேன்.

ஆறு பல்.
நடுவில் ஓட்டை.
உடைந்த துண்டு கடைசிவரை அகப்படவில்லை,
வாங்கப் பட்டையும் இல்லை.
அஞ்சலாட்சி பக்கெட்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
கொல்லைப்பக்கம் போனாள்.
சிரிப்பு அங்கிருந்து கேட்டது.

பதினேழாவது கட்டை.
தொடை கனத்தில் ஒரு பக்கவேர்,
சரியாக அந்தச் சந்தில் நுழைந்து
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே
இறுகிக்கொண்டது.
நெம்பினேன்.
பின்சக்கரம் ஒரு சாண் இறங்கியது.
மண் முதலில் வெடித்தது, பிறகு முனகியது,
பிறகு அத்தனை வேரும்
ஈரச் சிவப்போடு ஆகாயத்தில் தொங்கின.
அதன்பின் ஒவ்வொரு கட்டைக்கும்
ஓட்டையைத்தான் முதலில் காட்டினேன்.

முப்பத்தொன்றில் வைத்திலிங்கம் மோர் கொண்டுவந்தார்.
"அந்த ஒரு பல்லையும் வெச்சிருக்கலாமே,
ஏன் விட்டுட்ட?"
செலவு என்றேன்.
முதல் எழுத்து காற்றாய்ப் போயிற்று.
எலவு என்று கேட்டிருக்கும் அவருக்கு.
சொம்பைத் தரையில் வைத்துவிட்டு
நெடுநேரம்
குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.